ஸ்ப்ளெண்டர் ஸ்கிராம்ப்ளர்: மேடு பள்ளத்தில் செயின் கழல்கிறது, எங்கிருந்து பார்ப்பது?

நீடாமங்கலத்தான்:
வணக்கம். வண்டி 2006 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ், அப்பா ஓட்டியது. ஸ்கிராம்ப்ளர் (மண் ரோட்டிலும் ஓடுகிற வகை பைக்) மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறேன். இன்ஜினில் கை வைக்கவில்லை. பின்னால் 120/80-18 டயரும் அதற்கேற்ற அகல ரிம்மும் போட்டேன். சுவிங் ஆர்மை (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடுகிற கை) சதுரக் குழாயில் புதிதாக அடித்தாயிற்று, பழையதைவிட இரண்டு அங்குலம் நீளம், உள்ளேயும் அகலம். ஷாக் அப்சார்பர் கொஞ்சம் உயரமானது. செயின் கவர் கழற்றியாகிவிட்டது. சீட் தகடும் பின் மட்கார்டும் நானே வெட்டி வளைத்தவை, அவற்றில் குறையில்லை.

குறை செயினில்தான். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியாது. ரயில்வே கேட்டில் தண்டவாளம் தாண்டும்போதும், மதகு மேட்டில் ஏறி இறங்கும்போதும் கழன்று தொங்குகிறது. டைட் வைத்தால், பின்னால் ஆள் உட்கார்ந்ததும் கரகரவென்று சத்தம். லூஸ் விட்டால் கழல்கிறது. மெக்கானிக் செயின் செட்டையே மாற்றச் சொல்கிறார். மாற்றினால் தீருமா?

டெல்டா ரைடர்:
நல்ல கம்பெனி செயின் செட்டாகப் பார்த்துப் போடுங்க ப்ரோ, சரியாகிடும். வண்டி போட்டோ போடுங்க.

மன்னை லேத்:
தம்பி, காசைச் செலவழிக்கும் முன் நான்கு விஷயம் சொல்லுங்கள். 120 டயர் செயினில் உரசாமல் இருக்க என்ன செய்தீர்கள்? சுவிங் ஆர்ம் அடித்தது எந்த மாதிரிப் பட்டறை? செயினை எப்படி நீட்டினீர்கள்? லூஸ் பார்ப்பது சென்டர் ஸ்டாண்டில் போட்டா, ஆளை உட்கார வைத்தா?

நீடாமங்கலத்தான்:
அண்ணே, டயர் உரசத்தான் செய்தது. பின் ஸ்பிராக்கெட்டுக்கு (செயின் ஓடுகிற பல்சக்கரம்) உள்பக்கம் 6 மில்லி தகடு கடைந்து வைத்து வெளியே தள்ளினோம். சுவிங் ஆர்ம் அடித்தது டிராக்டர் கேஜ் வீல் (சேற்று வயலுக்கு மாட்டுகிற இரும்புச் சக்கரம்) அடிக்கிற பட்டறையில். வெல்டிங் பிரமாதமாக இருக்கிறது. செயினுக்கு வேறொரு செயினில் இருந்து கண்ணி வெட்டிச் சேர்த்தார்கள். லூஸ் பார்ப்பது ஸ்டாண்டில்தான்.

மன்னை லேத்:
அப்படியானால் புதுச் செயின் செட் போட்டாலும் கழலும். ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 6 மில்லி தகடு. செயின் எந்தக் கோட்டில் ஓட வேண்டும் என்பதை இன்ஜின் பக்கத்துச் சின்ன ஸ்பிராக்கெட் முடிவு செய்துவிட்டது. பின்னால் இருப்பது அதற்கு நேராக வந்தே தீர வேண்டும். நீங்கள் பின்பக்கத்தை மட்டும் தள்ளிவிட்டீர்கள், செயின் கோணலாக ஓடுகிறது. பின் ஸ்பிராக்கெட் பல்லைப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வெள்ளையாக மின்னும். செயினின் உள்தகடும் அதே பக்கம் பளபளக்கும்.

முன்னாலும் தகடு வைத்து ஈடுகட்டலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். இந்த வண்டியில் முன் ஸ்பிராக்கெட் வரிப்பல் தண்டில் ஏறி, சின்னத் தகட்டில் இரண்டு போல்ட்டோடு நிற்பது. வெளியே தள்ளினால் தண்டில் பிடிப்பு குறையும்.

இரண்டாவது, லூஸ். முன் ஸ்பிராக்கெட், சுவிங் ஆர்ம் புஷ் (ஆர்ம் வண்டியோடு சேர்ந்து ஆடுகிற இடம்), பின் ஆக்ஸில் (சக்கர அச்சு) இந்த மூன்றின் மையமும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகபட்சமாக இறுகும். சக்கரம் கீழே தொங்கும்போது தளரும். உயரமான ஷாக் போட்டதால் சக்கரம் முன்னைவிடக் கீழே தொங்குகிறது, வித்தியாசமும் கூடிவிட்டது. ஸ்டாண்டில் அளவாக வைத்தால் ஆள் உட்கார்ந்ததும் இறுகிக் கரகரக்கும். லூஸ் விட்டாலோ, மதகு மேட்டைத் தாண்டிச் சக்கரம் தொங்குகிற அந்த நொடியில் ரொம்பத் தளர்ந்து, கோணல் செயின் பல்லை விட்டு ஏறிவிடும். ஷாக்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் தூக்கி மூன்று மையமும் ஒரே கோட்டில் வரும் இடத்தில் முட்டுக்கொடுத்து, அங்கே இரண்டு சென்டிமீட்டர் ஆட்டம் வையுங்கள்.

மூன்றாவது, சுவிங் ஆர்ம். கேஜ் வீல் அடிக்கிற கை பலமாகத்தான் அடிக்கும். ஆனால் கேஜ் வீல் சேற்றில் உருள்வது, அரை சென்டிமீட்டர் கோணினால் யாருக்கும் தெரியாது. இங்கே தெரியும். வெல்டிங் ஆறும்போது சுருங்கி இரும்பைத் தன் பக்கம் இழுக்கும். ஜிக் (அசையாமல் பிடித்துவைக்கும் சட்டம்) இல்லாமல் ஒரு பக்கத்தை முழுசாக ஓட்டி முடித்துவிட்டு மறுபக்கம் போயிருந்தால் கட்டாயம் முறுக்கியிருக்கும். ஆர்மைக் கழற்றி, புஷ் துளையில் ஒரு நேர்க்கம்பி, ஆக்ஸில் துளையில் ஒரு நேர்க்கம்பி சொருகுங்கள். பின்னால் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரிந்தால் பிழைத்தீர்கள். ஒரு முனை மேலே தூக்கினால் செயின் அட்ஜஸ்டரால் (ஆக்ஸிலை முன்பின் நகர்த்தும் திருகு) சரியாகாது, அறுத்துத்தான் அடிக்க வேண்டும். நீள வித்தியாசம் மட்டும் என்றால் அட்ஜஸ்டர் போதும். அதில் உள்ள கோட்டை நம்பாமல் புஷ் மையத்திலிருந்து ஆக்ஸில் மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். அப்புறம் கொத்தனார் நூல் கட்டி முன் சக்கரத்தோடு நேர் பாருங்கள்.

அதுவரை ஓட்டாதீர்கள். கழன்ற செயின் முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டால் இன்ஜின் கேஸ் உடையும், பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும்.

வேதாரண்யம் உப்பு:
இடையில் ஒன்று. செயின் கவரை எடுத்தவர்கள் கடற்கரைப் பக்கம் வந்தால் செயினைத் துடைத்து 90 நம்பர் கியர் ஆயில் விடாமல் படுக்காதீர்கள். இந்த உப்புக் காற்றில் காலையிலேயே செம்மண் நிறம் வந்துவிடும். அறுவடை நாளில் டிராக்டர் ரோட்டில் கொட்டிப் போகிற சேறு தனிக் கதை.

நீடாமங்கலத்தான்:
அண்ணே, கம்பி சொருகிப் பார்த்தேன். முறுக்கு இல்லை. ஆனால் ஆர்மின் இடக்கால் வலக்காலைவிட 4 மில்லி குட்டை. பல் தேய்மானம் நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு பக்கம் மட்டும். அட்ஜஸ்டரில் சரி செய்துவிடுவேன். 6 மில்லி தகட்டை எடுத்தால் டயர் உரசுமே?

மன்னை லேத்:
டயரைக் குறையுங்கள். 100/90-18 போட்டால் அகலம் 20 மில்லி குறையும், செயின் பக்கம் 10 மில்லி கிடைக்கும். 6 மில்லி தகட்டை எடுத்த பிறகும் இடம் மிஞ்சும். ரிம் அகலமும் அந்த டயருக்கு ஒத்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எட்டுக் குதிரைத்திறன்கூட இல்லாத 97 சிசி இன்ஜின், 120 டயரைச் சுற்றவே பாதி தெம்பு போய்விடும். பார்வைக்கு 100 போதும் என்பது என் அபிப்பிராயம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செயின் புதிதாக ஒரே துண்டாக வாங்குங்கள். பழைய கண்ணி நீண்டிருக்கும், புதியது நீண்டிருக்காது, இரண்டையும் சேர்த்தால் பல்லில் ஒழுங்காக உட்காராது. இது 428 செயின், ஒரு கண்ணி அரை அங்குலம். இரண்டு அங்குலம் நீட்டினால் மேலே நான்கு, கீழே நான்கு, ஆக எட்டுக் கண்ணி கூட வேண்டும். நீளமானதாக வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள். செயினின் இரு முனையைச் சேர்க்கும் லாக் கிளிப்பின் திறந்த வாய், செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும்.

குடந்தைத் தோழர்:
எல்லாம் சரி, ஆர்டிஓ விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவும் 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கம்பெனி வடிவமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடுவதில்லை. பதிவு 15 ஆண்டுக்கு, அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2006 வண்டி என்றால் 2021-க்குப் பிறகு 2026-இல் மறுபடி ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். பழைய சுவிங் ஆர்ம், ஷாக், சக்கரம், செயின் கவர் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.