நலங்கு மாவு யார் அரைப்பது?

சரோஜா சித்தி: உமா, இருக்கிறாயா? திவ்யா ராத்திரி சர்க்கரையில் எலுமிச்சம்பழம் பிழிந்து முகத்தைத் தேய் தேய் என்று தேய்த்திருக்கிறாள். கன்னம் ரெண்டும் எரிகிறதாம். வியாழன் நலங்கு. போட்டோ பார்

கோமதி பெரியம்மா: அடி பாவி

கார்த்தி: தக்காளி 🍅

திவ்யா: அம்மா!! குரூப்பில் ஏன் போட்டாய்? அழி

உமா: பயப்படாதீர்கள் சித்தி, மேல்தோல் உரசிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். முகத்துக்குச் சர்க்கரை ரொம்பச் சொரசொரப்பு, அதில் எலுமிச்சைப் புளிப்பும் சேர்ந்தால் எரியாமல் என்ன செய்யும்? செத்த செல் எல்லாம் ஏறக்குறைய 4 வாரத்தில் தானாகவே உதிர்ந்து புதுத்தோல் வந்துவிடும், ஸ்கரப் அதைக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிடுகிறது, நிறத்தை எல்லாம் மாற்றாது. அழுத்தித் தேய்த்தால் நம்மைப் போல மாநிறத் தோலில் ஆறும்போது கருந்திட்டு விழும். திவ்யா, வெறும் தண்ணீரில் கழுவி வாசலின் லேசாகத் தடவு, வெயிலில் அலையாதே, பருவுக்குப் போடும் அடாபலின் கிரீமை எரிச்சல் அடங்கும்வரை நிறுத்து

முருகன் மாமா: இனிய காலை வணக்கம் 🌹 அதிகாலை எழுபவன்

கார்த்தி: மாமா வேற குரூப்

கோமதி பெரியம்மா: எலுமிச்சையை யார் முகத்தில் போடுவார்கள்? பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ. என் கல்யாணத்துக்கு அம்மாவே காயவைத்து அரைத்தாள்

சரோஜா சித்தி: என் கல்யாணத்துக்குக் கடைப் பாக்கெட். சும்மா சொன்னேன்

முருகன் மாமா: ரெண்டு பேரும் ஆரம்பிக்காதீங்க

ராணி மதினி: என் நலங்கு மாவை மறந்துவிட்டீர்களா? மிளகாய் வற்றல் அரைத்த மெஷினிலேயே அரைத்து வாங்கி வந்த புண்ணியவான் யார்? முகமெல்லாம் மோர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்

முருகன் மாமா: மில்காரன் தப்பு

உமா: மாவையும் துணியில் சலிக்க வேண்டும், திப்பி இருந்தால் கீறும். கை, கால், முழங்கைக்குத் தேய்க்கலாம், முகத்தில் சும்மா தொட்டு வைத்தால் போதும். வால்நட் ஓடு போட்ட ஸ்கரப்பும் முகத்துக்கு வேண்டாம்

முருகன் மாமா: உன் அத்தான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த நீல மணி ஃபேஸ்வாஷ்?

உமா: அது பிளாஸ்டிக் மணி மாமா. கடலுக்குப் போகிறது என்று அங்கேயே 2015இல் தடைச் சட்டம் போட்டுவிட்டார்கள்

முருகன் மாமா: எனக்கு இன்னும் அரை ட்யூப் இருக்கிறது

சரோஜா சித்தி: புதன்கிழமை பார்லரில் ஃபேஷியல், த்ரெட்டிங், வேக்ஸிங் மூன்றுக்கும் அட்வான்ஸ் கட்டியாச்சு

உமா: இந்த முகத்தோடா? முகத்தில் எதுவும் வேண்டாம்

சரோஜா சித்தி: அட்வான்ஸ் திருப்பித் தர மாட்டார்களே

ராணி மதினி: நான் போகிறேன்

திவ்யா: கல்யாணம் யாருக்கு 😡

கோமதி பெரியம்மா: அது இருக்கட்டும், மாவு யார் அரைப்பது?

முருகன் மாமா: நான் வேணா மில்லுக்கு

ராணி மதினி: வேண்டவே வேண்டாம்

சரோஜா சித்தி: வீட்டு மிக்ஸியிலேயே போட்டுவிடுகிறேன்

கார்த்தி: அதில் காலையில் என்ன அரைத்தாய் அம்மா?

சரோஜா சித்தி: சாம்பார் பொடி