புதுப்பிப்பு: வள்ளத்தின் பழைய டீசல் எஞ்சினில் இழுவை குறைந்த காரணம்

தூத்துக்குடியில் எங்கள் வள்ளத்திலுள்ள பழைய 2 சிலிண்டர் டீசல் எஞ்சின், முழு வேகத்தில் சிறிது நேரம் ஓடியபின் இழுவை குறைந்து, வேகத்தைத் தணித்தால் மீண்டும் தேறிவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் இப்போது தெரிந்துவிட்டது.

சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரைக் கழற்றுமாறு பலர் அக்கறையுடன் கூறியிருந்தனர். ஆனால் காற்று போதாமலோ, புரொப்பெல்லரில் சுமை கூடியோ இழுவை குறைந்திருந்தால் கரும்புகை வந்திருக்க வேண்டும். புகையே இல்லாமல் வேகம் தளர்ந்ததால், டீசல் போதிய அளவு வந்து சேரவில்லை என்றே கருதினோம். ஆகவே தொட்டியைத் தவிர்த்து, ஒரு கேனில் சுத்தமான டீசலை நிரப்பி, அதிலிருந்து புதிய குழாயை, எஞ்சினுக்கு டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்கு நேராக இணைத்து ஓட்டினோம். எஞ்சின் சளைக்காமல் ஓடியது; ஆகவே கோளாறு தொட்டிப் பக்கம்தான் என்று தெரிந்தது. செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் பம்பையோ இன்ஜெக்டரையோ பிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொட்டிக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாயின் முனையை வழவழப்பான கருங்கசடு அடைத்திருந்தது. பாதி காலியான தொட்டியில் காற்றின் ஈரம் நீராகப் படியும்போது, அந்த நீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி இத்தகைய கசடை உண்டாக்குகின்றன. அடைப்பு ஃபில்டருக்கு முன்பே இருந்ததால், ஃபில்டரை மாற்றியும் பயன் கிடைக்கவில்லை.

தொட்டியைக் கழுவி, இணைப்புகளில் புதிய செம்பு வாஷர்களைப் போட்டு, டீசல் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டோம் (ஏர் எடுத்தல்). இப்போது சுமையோடும் முழு வேகம் நிலைக்கிறது. நீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றையும் பொருத்தியுள்ளோம்.