ஜூக்பாக்ஸ் சத்தம் வேண்டும், அமெரிக்க நண்பர்கள் உதவ முடியுமா?

1955-இல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர் டைனரில் (சாலையோர உணவகத்தில்) நடக்கிற வானொலி நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஜூக்பாக்ஸ், அதாவது காசு போட்டால் கேட்ட பாட்டைப் போடும் பெட்டி, அதன் சத்தம் வேண்டும். பாட்டு இல்லை, இயந்திரத்தின் சத்தம். மேசைக்கு மேசை சுவரில் ஒரு குட்டிப் பெட்டி இருக்கும், காசு போட்டு எழுத்தும் எண்ணுமாக இரண்டு பொத்தானை அழுத்தினால் அது மின்துடிப்பாகக் கம்பி வழியே பெரிய பெட்டியான ஜூக்பாக்ஸுக்குப் போய், அங்கே இசைத்தட்டு வரிசையில் இயந்திரம் நகர்ந்து வந்து, கேட்ட தட்டை எடுத்துச் சுழலவிடும். அந்தக் 'கடக் கடக்'தான் தேவை. நெட்டில் கிடைப்பதில் எல்லாம் யாராவது மேலே பேசிக்கொண்டே இருக்கிறார்கள், எரிச்சல்.

1949-இல் ஆர்சிஏ விக்டர் இசைத்தட்டு நிறுவனம் கொண்டுவந்த 7 அங்குல, நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் தட்டு ஓடுகிற மாடலாக இருக்கட்டும், நடுவில் பெரிய ஓட்டை இருக்குமே, அது. பழைய 78 சுற்று அரக்குத் தட்டு இதற்கு ஒத்துவராது. உங்கள் பக்கத்து டைனரிலோ அருங்காட்சியகத்திலோ ஓடுகிற நிலையில் ஒன்று இருந்தால், காசு விழுவதிலிருந்து ஊசி தொடும் வரை போனிலேயே பதிவு செய்து அனுப்புங்கள். பாட்டு தொடங்கியதும் நிறுத்திவிடலாம், உரிமைத் தொல்லை வேண்டாம். அப்புறம், போடுகிற காசு 5 சென்ட் நிக்கலாக இருந்தால் ரொம்ப நல்லது.