பொய்ப்பொருள் விளையாட்டு: பிள்ளைகள் மனத்தில் பொய்யே தங்கிவிடுமா?

கேள்வி: ஞாயிறு வகுப்பு ஆசிரியை, ரங்கூன்

அனைவருக்கும் வணக்கம். ரங்கூனில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுத்து வருகிறேன். 12 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் பர்மிய மொழியில் படிப்பதால், அச்சிட்ட தமிழை அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

பாடம் முடிந்ததும் அரை மணி நேரம் ஒரு விளையாட்டு ஆடுகிறோம். ஒருவர் அகராதியிலிருந்து யாருக்கும் தெரியாத சொல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதுவார். மற்றவர்கள் அதற்கு நம்பும்படியான ஒரு பொய்ப்பொருளைச் சீட்டில் எழுதித் தருவார்கள். சொல்லை எடுத்தவர் மெய்ப்பொருளையும் ஒரு சீட்டில் எழுதிக் கலந்து, எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசிப்பார். மெய்யைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு புள்ளி. ஒரு பொய்யை எத்தனை பேர் நம்பினார்களோ அத்தனை புள்ளி அதை எழுதியவருக்கு. வேறு எந்தப் பாடத்திலும் நான் காணாத உற்சாகத்தை இதில் காண்கிறேன்.

ஆனால் சென்ற மாதம் 'கழுது' என்ற சொல்லை வைத்தேன். பேய் என்றும், தினைப்புனத்துக் காவற்பரண் என்றும் அதற்குப் பொருள். ஒரு மாணவன் 'பெண் கழுதை' என்று எழுத, வகுப்பில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். மூன்று வாரங்கள் கழித்து இன்னொரு மாணவி தன் கட்டுரையில் 'வண்ணான் கழுதின்மேல் மூட்டையை ஏற்றினான்' என்று எழுதியிருந்தாள். சிரிப்பு வந்தது; பிறகு கவலையும் வந்தது. அதே நாளில் 'எறும்பி' என்ற சொல்லையும் வைத்திருந்தேன். நிகண்டுகள் யானைக்குச் சொல்லும் பெயர்களுள் அதுவும் ஒன்று. ஒரு சிறுமி வெறுமனே 'எறும்பு' என்று எழுதியிருந்ததை யாரும் நம்பவில்லை. அந்தச் சொல்லையாவது பிழையின்றிப் பயன்படுத்துவார்கள் என எண்ணுகிறேன். சொல்வளம் குறைந்த பிள்ளைகளிடம் இந்த விளையாட்டை ஆடுவது தகுமா? ஆடலாம் என்றால் எப்படிப்பட்ட சொற்களை எடுக்க வேண்டும்?

பதில் 1: பழைய ஏடு, மோல்மேன்

அம்மா, முதலில் அந்தச் சிறுமிக்குரிய புள்ளியைக் கொடுத்துவிடுங்கள். 'எறும்பி' என்பதற்கு எறும்பு என்ற பொருளும் உண்டு. குறுந்தொகையின் 12ஆம் பாட்டு 'எறும்பி அளையின் குறும்பல் சுனைய' என்றே தொடங்குகிறது. எறும்புப் புற்றின் துளைகளைப் போலச் சின்னஞ்சிறு சுனைகள் பல உள்ள பாறை என்று ஓதலாந்தையார் பாலை வழியைக் காட்டும் இடம் அது. ஒரே சொல் எறும்பையும் யானையையும் குறிக்கும் என்பதை எந்தப் பொய்யரும் துணிந்து எழுதியிருக்க மாட்டார். ஆகவே சொல்லை எடுப்பவர் ஒரு நிகண்டை மட்டும் நம்பாமல், அகராதியில் அந்தச் சொல்லுக்குரிய எல்லாப் பொருளையும் பார்த்துவிட்டே பலகையில் எழுத வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் முழுவதும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தேடக் கிடைக்கிறது, கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சொற்களைத் தேர்வது பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். நாங்கள் தொடக்கத்தில் 'ஞமலி', 'ஞிமிறு' போல வாயில் நுழையாத சொற்களைத் தேடித் தேடி எடுத்தோம். அவை அவ்வளவாக எடுபடவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லாத சொல்லுக்குப் பொய் புனைவதும் கடினம், தேர்ந்தெடுப்பதும் வெறும் குருட்டடி. தமிழில் உண்மையாக ஏமாற்றுபவை தெரிந்த முகத்தோடு நிற்கும் சொற்களே. 'குளிர்' என்று பலகையில் எழுதிப் பாருங்கள். இதற்கு என்ன பொருள் இருக்கப் போகிறது என்று எல்லோரும் திகைப்பார்கள். குறிஞ்சிப்பாட்டில் தழல், தட்டை, குளிர் ஆகிய மூன்றும் தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கருவிகள். 'பூசை' என்று எழுதினால் கோயில் மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் ஒருவரும் பூனையை நினைக்க மாட்டார்கள். ஆனால் பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த ஒரு பூசை என்று கம்பர் அவையடக்கத்தில் தம்மைச் சொல்லிக்கொள்வது அந்தப் பூனையைத்தான்.

பதில் 2: சீட்டுக்கட்டு, பெகு

ஐயா சொன்னதோடு பொய் எழுதும் கலையைப் பற்றியும் சிறிது சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இந்த விளையாட்டில் மொழிப்பயிற்சி இருப்பது பெரும்பாலும் அங்கேதான். எங்கள் வீட்டில் ஆடும்போது 'பழங்காலத்தில் அரசர்கள்' என்று ஒரு சீட்டு தொடங்கினால் அது பொய் என்று உடனே ஒதுக்கிவிடுவோம். அகராதி கதை சொல்வதில்லை. 'ஒருவகை மரம்', 'மீன்வகை' என்று இரண்டே சொல்லில் வறட்சியாக முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். என் தங்கை இதைக் கண்டுகொண்ட நாள் முதல் எந்தச் சொல்லுக்கும் 'ஒருவகைப் பூண்டு' என்றே எழுதி வென்று வந்தாள், நாங்கள் பூண்டுக்குத் தடை விதிக்கும் வரையில்.

எழுத்துப்பிழையையும் கவனியுங்கள். 'மறம்' என்று எழுதிய சீட்டை அப்படியே நீட்டினால் எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும். வாசிப்பவர் எல்லாச் சீட்டுகளையும் தம் கையால் ஒருமுறை பெயர்த்து எழுதிக்கொண்டு, தடுமாறாமல் வாசிக்க வேண்டும். தமிழ் எழுதத் தயங்கும் சிறுவர்கள் பர்மிய எழுத்தில் தமிழ் ஒலியை எழுதித் தரலாம் என்று நாங்கள் அனுமதித்திருக்கிறோம். அதனால் என் தம்பி மகன்கூடக் கலந்துகொள்கிறான்.

நூலிலிருந்து மட்டுமன்றி நம் பெரியவர்களின் பேச்சிலிருந்தும் சொற்களை எடுக்கலாம். 'கிட்டங்கி' என்று நான் வைத்தபோது இளையவர்கள் 'கிட்டத்தில் இருக்கும் அங்காடி', 'ஒட்டி நிற்பவன்' என்றெல்லாம் எழுதினார்கள். சரக்கு வைக்கும் கிடங்கைக் குறிக்கும் அந்தச் சொல்லை, ரங்கூன் மொகல் தெருவில் பல செட்டியார் கடைகள் ஒரே கூடத்தில் தத்தம் பெட்டகங்களோடு கொடுக்கல் வாங்கல் நடத்திய கட்டடங்களுக்கும் வழங்கினார்கள். எங்கள் ஆச்சி மட்டும் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். பொருள் தெரிந்தவர் அந்தச் சுற்றில் எழுதாமல் வாசிப்பவருக்குத் துணையாக இருக்க வேண்டும் என்ற விதியை அன்றுதான் ஏற்படுத்தினோம்.

பதில் 3: அச்சுப்பிழை, ரங்கூன்

ஆசிரியை கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் நேரான விடை வரவில்லை என்று தோன்றுகிறது. பொய் தங்கும் என்பதே என் கருத்து. 1934இல் வெளிவந்த வெப்ஸ்டர் ஆங்கில அகராதியில் 'டோர்ட்' என்று ஒரு சொல் அச்சாகி, அதற்கு அடர்த்தி என்று பொருள் கூறப்பட்டிருந்தது. அப்படி ஒரு சொல்லே கிடையாது. அடர்த்தியைக் குறிக்க 'டி' என்ற எழுத்தைப் பெரியதாகவோ சிறியதாகவோ எழுதலாம் என்று குறித்திருந்த ஒரு சீட்டை, நடுவிலிருந்த ஆங்கிலத்து 'அல்லது' என்பதையும் சேர்த்து யாரோ ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். 1939இல்தான் ஒரு பதிப்பாசிரியர் அதைக் கவனித்தார். அகராதி செய்பவர்களுக்கே இந்த நிலை என்றால், 'கழுது' உங்கள் மாணவியின் கட்டுரையில் பொதி சுமந்ததில் வியப்பில்லை.

பிள்ளைகள் கடைசியாகக் கேட்பதும் பலமுறை கேட்பதும்தான் நினைவில் நிற்கின்றன. உங்கள் ஆட்டத்தில் பொய்ச்சீட்டுகள் சிரிப்போடு திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. மெய்ப்பொருளோ ஒருமுறை அறிவிக்கப்பட்டதும் மறைந்துவிடுகிறது. ஆகவே புள்ளி போட்ட பிறகு பொய்ச்சீட்டுகளைக் கிழித்துவிட்டு, அந்தச் சொல் வரும் ஒரு பாட்டடியையோ ஒரு வாக்கியத்தையோ எல்லோரும் ஏட்டில் எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். பொய்யில் வென்றவரே அந்தச் சொல்லை மெய்ப்பொருளில் வைத்து அடுத்த வாரம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று விதிக்கலாம். 12 வயதுப் பிள்ளைகளை மட்டும் இப்போதைக்கு வாக்களிப்போராக வைத்துக்கொள்வதே நல்லது என்று கருதுகிறேன். மற்றவர்கள் இதை ஏற்காமலிருக்கலாம்.

மீண்டும் ஆசிரியை, ரங்கூன்

மூவருக்கும் நன்றி. சிறுமிக்கு இன்று காலை புள்ளி கொடுத்தாயிற்று. குறுந்தொகை அடியையும் எழுதிக் காட்டினேன். இனி எந்தச் சொல்லானாலும் தானே சரியாகச் சொல்லிவிடுவேன் என்று அவள் நம்பத் தொடங்கியிருப்பது வேறு கதை. கட்டுரை எழுதிய மாணவிக்கு இப்போது கழுதின்மேல் ஏறிக் கிளி ஓட்டும் பெண்ணைப் பற்றி ஐந்து வரி எழுதும் வேலை கொடுத்திருக்கிறேன். சிறியவர்களை வாக்களிப்போடு நிறுத்துவதற்கு மட்டும் எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய சீட்டுகள்தான் எங்களை அதிகம் சிரிக்க வைக்கின்றன. சீட்டு கிழிப்பதை வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் தொடங்குகிறோம்.

ஒரு சிறு சிக்கல். என் வகுப்பில் மூத்தவர்கள் இருவர் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. ஆகவே குளிர், பூசை, கிட்டங்கி மூன்றும் இனி எனக்குப் பயன்படா. மோல்மேன் ஐயா மேலும் சில சொற்களைத் தனிச்செய்தியில் அனுப்பினால் நலம்.