ஹோல்ட்: முதலில் கையா, மந்தையா?

சொல்லுளி: 'ஹோல்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆதிப்பொருள் மந்தையைக் காப்பது என்று அகராதிக்காரர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. கையால் பிடிப்பதுதான் முதல். பதவி வகிப்பது, கூட்டம் நடத்துவது எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. கண்ணுக்குத் தெரிகிற செயலிலிருந்துதானே பொருள் விரியும்?

நடைவண்டி: ஆடு மேய்ப்பது கண்ணுக்குத் தெரியாதா ஐயா? சான்றுக்கு வாங்க. ஆங்கிலமும் சேர்ந்த ஜெர்மானிய மொழிகளில் பெரிய அளவில் கிடைக்கும் மிகப் பழைய நூல், 4-ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் கோதிக் என்ற பழைய மொழியில் பெயர்த்த பைபிள். இயேசு சொன்ன கதையில் ஊதாரி மகனைப் பன்றி மேய்க்க அனுப்பும் இடத்தில் அதிலுள்ள வினை 'ஹல்தன்', நம்ம 'ஹோல்ட்'டின் கோதிக் வடிவம். பன்றியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவா அனுப்பினார்கள்?

சொல்லுளி: கோதிக் ஒரு கிளைதான். அங்கே மட்டும் பொருள் குறுகியிருக்கலாம். பழைய ஆங்கிலத்தில் இதே வினை பிடிப்பது, வைத்திருப்பது, காப்பது, ஆள்வது எல்லாவற்றுக்கும் வருகிறது. மந்தை எங்கே?

நடைவண்டி: 'காப்பது, ஆள்வது' என்று நீங்களே சொல்லிட்டீங்க! பேயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் சாகக் கிடக்கும் அரசன், இந்த மக்களை 50 குளிர்காலம் 'ஹோல்ட்' செய்தேன் என்கிறான். கழுத்தைப் பிடித்தா வைத்திருந்தான்? ஜெர்மனிலும் டச்சிலும் மாடு வளர்ப்பதற்கு இன்றைக்கும் இந்த வினைதான்.

பாய்மரம்: குறுக்கே வருகிறேன். கப்பலில் சரக்கு அடைக்கும் அடிப்பகுதியும் 'ஹோல்ட்'தான். சரக்கைப் பிடித்து வைக்கிற இடம். என் ஓட்டு சொல்லுளிக்கு.

நடைவண்டி: செல்லாத ஓட்டு. அது 'ஹோல்', அதாவது குழி. இந்த வினையோடு குழம்பிப்போய்க் கடைசியில் ஒரு 'ட்' ஒட்டிக்கொண்டது.

பாய்மரம்: அடடா.

சொல்லுளி: 'பிஹோல்ட்' எப்படிப் 'பார்' என்று ஆனது? அதுவும் மந்தையா?

நடைவண்டி: ஆமாம். காவல் காக்கிறவன் கண்ணை எடுக்க மாட்டானே.

சொல்லுளி: அழகாகத்தான் இருக்கு, ஆனால் நிற்காது. அதே முன்னொட்டோடு ஜெர்மனில் இருக்கும் 'பெஹால்டன்' என்பதற்கு 'வைத்துக்கொள்' என்றுதான் பொருள். பார்வைக்குத் தாவியது ஆங்கிலம் மட்டும். அந்தத் தாவலை வைத்து ஆதிப்பொருளைச் சொல்ல முடியாது.

நடைவண்டி: சரி, பிஹோல்டை விட்டுடறேன். ஆனால் 'வைத்துக்கொள்' என்பதிலும் உங்கள் கை இல்லையே!

சொல்லுளி: மேய்ப்பதிலிருந்து பிடிப்பதற்கு வந்த நடுப்படியை ஏதாவது ஒரு பழைய ஏட்டில் காட்டுங்க. அதுவரை கோதிக் பன்றி உங்களோடு இருக்கட்டும்.