மீட்டர் கிணற்றடியிலா, தொட்டியடியிலா?

பாகூர்_உழவர்: எங்கள் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து குடியிருப்போர் சங்கத்துக்குத் தண்ணீர் தர ஒப்பந்தம் எழுதுகிறார்கள். மீட்டரைத் தங்கள் தரைத்தொட்டி வாயில்தான் பொருத்துவார்களாம். குழாய் அவர்களுடையது, அது ஒழுகினால் நட்டம் என் தலையிலா?

சங்க_உறுப்பினர்: வந்து சேராத தண்ணீருக்கு எங்கள் வீடுகள் ஏன் பணம் கட்ட வேண்டும்? சுழல்சக்கர மீட்டர்மீதும் நம்பிக்கையில்லை. மின்சாரம் போய்த் திரும்பினால் குழாயில் புகுந்த காற்றுதான் முதலில் பாய்கிறது. சக்கரம் காற்றுக்கும் சுற்றும்.

கடலூர்_பம்ப்_மெக்கானிக்: இரு முனையிலும் மீட்டர் வையுங்கள், ஐயா. கிணற்றடியில் 100 கிலோலிட்டர், தொட்டியில் 92 என்றால் அந்த 8 எங்கே போனது என்று குழாய்க்கு உரியவர் தேட வேண்டும். காற்றுக்கு, மீட்டருக்கு முன்னால் காற்றுப்போக்கி வால்வு உண்டு. தொட்டி வால்வை மூடி, குழாயில் அழுத்தம் இருக்கும்போது கிணற்றடி மீட்டரின் முகப்பைப் பாருங்கள். சின்ன நட்சத்திரச் சக்கரம் மெல்ல நகர்ந்தால் ஒழுக்கு இருக்கிறது. சக்கரம் இல்லாமல் காந்தப்புலத்தால் ஓட்டத்தை அளக்கும் மின்காந்த மீட்டர் என்றால் குழாய் நிறைந்து ஓட வேண்டும், வளைவை ஒட்டிப் பொருத்தக் கூடாது.

சங்க_உறுப்பினர்: சரி, இரண்டு மீட்டர். ஆனால் மாத அறிக்கையை உழவர் மட்டும் எழுதக் கூடாது. தொடக்க அளவு, முடிவு அளவு, முகப்பின் புகைப்படம், இரு தரப்புக் கையெழுத்து வேண்டும். மீட்டர் பழுதானால் முந்தைய மூன்று மாதச் சராசரி.

பாகூர்_உழவர்: தை, மாசி மாதச் சராசரியைச் சித்திரைக்குப் போடுவதா? போன ஆண்டின் அதே மாத அளவைப் போடுங்கள். அதைவிடப் பெரியது ஒன்று விடுபடுகிறது. எத்தனை கிலோலிட்டர் என்பது பில்லுக்கு ஆகும்; கிணற்றின் நிலை அதில் தெரியாது. நாங்கள் கடலோரத்துக்காரர்கள். அளவுக்கு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறும், பிறகு நெல்லும் இல்லை, குடிநீரும் இல்லை. பம்பை நிறுத்தி, மட்டம் நிலைத்த பின் அளந்த நீர்மட்டமும், நீரில் கரைந்த உப்பு, தாதுக்களின் மொத்தமான டி.டி.எஸ். அளவும் மாதந்தோறும் அறிக்கையில் வர வேண்டும். உப்பு ஏறத் தொடங்கினால் இறைப்பைக் குறைக்க எனக்கு உரிமை வேண்டும்.

சங்க_உறுப்பினர்: அளவுகளை எழுதுங்கள், அது எங்களுக்கும் நல்லது. இந்தியத் தர நிர்ணயப்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது. வேறு நீர் இல்லாவிட்டாலும் 2000-ஐத் தாண்டக் கூடாது. ஆனால் குறைக்கும் உரிமை உங்கள் ஒருவர் கையில் இருக்க முடியாது. கோடையில் குழந்தைகள் உள்ள வீடுகள் எங்கே போகும்?

பாகூர்_உழவர்: எந்த அளவைத் தொட்டால் எவ்வளவு குறைப்பது என்பதை இப்போதே எண்ணாக எழுதுவோம். அது இல்லாத தாளில் கையெழுத்திட மாட்டேன்.