பிளாக் பிரிண்ட் துணிய எப்படி நேரா வெட்டுறது? குயில்ட் தைக்கிறவங்க சொல்லுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம். அக்காவுக்கு தை மாசம் குழந்தை பிறக்கப் போகுது, அதுக்காக முதல் தடவையா ஒரு பேபி குயில்ட் (துண்டு துணிகள சேத்து தைக்கிற குழந்தை போர்வை) தைக்கிறேன். அளவு 36க்கு 42 இஞ்ச், 42 சதுரம் வருது, தையலுக்கு சுத்தி கால் இஞ்ச் விட்டு ஒவ்வொண்ணும் ஆறரை இஞ்சா வெட்டுறேன்.

துணி ஜெய்ப்பூர் பக்கத்துல இருக்கிற சாங்கனேரோட பிளாக் பிரிண்ட் காட்டன், அதாவது மரக்கட்டை அச்சு வச்சது. அவ்ளோ அழகு, ஆனா கையால அச்சு வைக்கிறதால வரிசை அங்கங்க லேசா விலகியிருக்கு, நூல் ஓட்டம் பாத்து வெட்டினா பூ வரிசை சாஞ்சு தெரியுது, சரின்னு பூ வரிசைய பாத்து வெட்டினா ஓரம் கிராஸா போய் தைக்கும்போது இழுத்துக்குது. கஞ்சி போட்டு அயர்ன் பண்ணினதுல இழுக்கறது கொஞ்சம் குறைஞ்சுது, முழுசா போகல. நீங்க எதுக்கு முக்கியத்துவம் குடுப்பீங்க, நூலுக்கா பிரிண்டுக்கா?

இன்னொண்ணு, நான் வாங்கின நாலு துணியிலயும் பூ கிட்டத்தட்ட ஒரே சைஸ். பக்கத்துல வச்சு போன்ல பிளாக் அண்ட் வொயிட்டா போட்டோ எடுத்து பாத்தா எல்லாம் ஒண்ணாவே தெரியுது. அம்மாவோட பழைய மதுரை சுங்குடி இருக்கு, பொடி புள்ளி போட்டது, மெரூன் கலர், அத நடுநடுவுல வைக்கலாமா? தனியா மூணு தடவ அலசிட்டேன், இப்ப சாயம் விடல. ஆனா பழைய சேல துணி மெலிசா இருக்கே, புதுத் துணியோட சேர்த்து தைச்சா தாங்குமா, இல்ல பின்னாடி லைனிங் ஒட்டணுமா?

ஒரு பெரிய பூவ சதுரத்துக்கு சரியா நடுவுல வர்ற மாதிரி வெட்டவும் ஆச, துணி எவ்ளோ எக்ஸ்ட்ரா வேணும்னு செஞ்சவங்க சொல்லுங்க. மிச்சம் ஒண்ணே கால் மீட்டர்தான் இருக்கு.